திருக்கைத் தோல்

நாய் வாயைத் திறக்கவில்லை. குப்பம்மா கடைவாயில் இரண்டு விரலை விட்டு நெம்பினாள். பல் நகத்தில் உரசியது. கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு கெஞ்சல் மட்டும் வந்தது.

"உடு. உடுன்றேன்ல. இன்னாடா அது?"

வெளியே வந்தது ஒரு காது. மாட்டுக் காது. காய்ந்து பலகைபோல விறைத்திருந்தது. ஓரத்தில் பழுப்பு மயிர் அப்படியே இருந்தது, நுனி மட்டும் மென்று கூழாகியிருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனாள். அடுப்பில் வாட்டிய தோலின் வாசனை. கருவாட்டு நாற்றம் துளிகூட இல்லை.

பக்கத்துத் தார்ப்பாயில் நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்த ரேச்சல் நிமிராமலே சொன்னாள்: "பாயம்மா குட்த்திருக்கும். தெனம் நாலு மணிக்கு அங்கதான் போய் நிக்குது. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் குப்பம்மா.

தெரியாது. காதைக் கற்களுக்கு அப்பால் கடலில் எறிந்தாள். நாய் கற்கள் வரை ஓடி, தண்ணீரைப் பார்த்து நின்றது. பிறகு அவளைப் பார்த்தது.

காசிமேட்டில் துறைமுகத்துக்கு வடக்கே, கடலைத் தடுக்கக் கொட்டிய கற்களுக்கு இப்பால், உடைந்த ஃபைபர் படகுகள் கவிழ்ந்து கிடக்கும். அவற்றின் நடுவில் இருக்கிறது குப்பம்மாவின் சிமெண்ட் தொட்டியும், மூன்று தார்ப்பாய்களும், பழைய வலைகள் கட்டிய பரணும். ஆறு வருடங்களுக்கு முன் அந்தப் படகுகளில் ஒன்றின் அடியில், கழற்றிப்போட்ட சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கிடந்தது. தாயைக் கண்டெய்னர் லாரி அடித்திருந்தது. குப்பம்மா குட்டியை முறத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கருவாடு விற்றாள். சுக்கான் என்று பெயர் வைத்தாள். வளர்ந்ததும் அது காக்கையை விரட்டியது, பூனையை விரட்டியது, இரவில் தார்ப்பாயின் ஓரத்தில் படுத்தது. அவள் இட்டது சோறும் மீன் குழம்பும். அது நக்கித் தின்றது. அதற்கு மேல் ஒரு நாய்க்கு வேண்டியது உண்டு என்று அவள் நினைத்ததில்லை.

குப்பம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வயதில் அம்மாவின் தொட்டியில் இறங்கி உப்பு மிதிக்கத் தொடங்கியவள். மீனைப் பார்த்ததும் எவ்வளவு உப்பு என்று கைக்குத் தெரியும். உள்ளங்கையிலும் குதிகாலிலும் வெடிப்புகள் ஆறியதே இல்லை. நாக்கில் உப்பின் ருசி எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. போனதே தெரியாது. அவள் வைக்கும் குழம்பை வேறு யாரும் இரண்டாம் கவளம் தின்ன மாட்டார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். அவள் முகத்துக்கு நேரே சொன்னவன் ஒருவன்தான். குமாரவேல், அவள் புருஷன். விசைப்படகில் ஓட்டுநர். பதினான்கு வருடம் அந்தக் குழம்பைத் தின்றான். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "கடலத் துன்ற மாதிரி கீது" என்றான். அந்த மாதமே எர்ணாவூரில் ரமாபாய் என்பவளின் வீட்டுக்குப் போய்விட்டான்.

போனதற்குக் குப்பம்மா அழவில்லை. ரமாபாய் எப்படிச் சமைக்கிறாள் என்று கேட்டுவரச் சொல்லி இரண்டு பேரை அனுப்பினாள். "நல்லாத்தான் கீது, உப்பு ஒறப்பு எல்லாம் அளவா" என்று அவர்கள் வந்து சொன்னபோதுதான் அழுதாள்.

அவளுக்குப் பொறாமை பசியைப்போல. நேரத்துக்கு வரும். ரேச்சலின் தார்ப்பாயில் மாலை வெயில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அதற்காக ஒரு வருடம் ரேச்சலோடு பேசாமலிருந்தாள். யார் வீட்டுக் கொடியில் புதுப்புடவை காய்ந்தாலும் கையால் தொட்டு நெசவைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவளிடமும் பிறர் பொறாமைப்பட ஒன்று இருந்தது. சுக்கான். ஏலத்துக்கு அவள் போனால் பின்னால் போகும், அவள் உட்கார்ந்தால் உட்காரும். "புருசன் போனாலும் நாய் நிக்குது பார்" என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். கேலிதான். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் நாலு மணிக்கு அவள் சந்து முனைக்குப் போனாள். பாயம்மா என்று எல்லோரும் கூப்பிடும் ஜஹானாரா அங்கே மாடி வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் புருஷன் மஜீதுக்குத் தண்டையார்ப்பேட்டையில் மாட்டுக்கறிக் கடை. கடையில் யாரும் வாங்காமல் மிஞ்சுவதையெல்லாம் ஜஹானாரா மாடியில் காயவைத்தாள். காது, மூச்சுக்குழல், கால் நரம்பு, குளம்பு. மகள் ஆஃபியா அவற்றைப் படம் பிடித்து ஃபோனில் போட்டாள். நகரத்தின் மறுகோடியில் வீட்டுக்குள் நாய் வளர்ப்பவர்கள் நாய் கடிக்க என்று வாங்கினார்கள். தினமும் ஒரு பையன் பைக்கில் வந்து பொட்டலங்களை எடுத்துப் போவான்.

படிக்கட்டின் கீழே சுக்கான் உட்கார்ந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து, முதுகு நிமிர்ந்து. அப்படி அது உட்காரும் என்று குப்பம்மாவுக்குத் தெரியாது.

மூன்றாவது படியில் ஜஹானாரா. கையில் ரப்பர் உறை. வளைந்த குழலொன்றைத் தூக்கிப் போட்டாள். சுக்கான் காற்றிலேயே பிடித்தது.

"அக்கா, வாங்க. இது ஒங்க நாயா?"

"ஆறு வருசமா."

"ரொம்ப மரியாதையான நாயிக்கா. கொலைக்காது, மேல வராது. போட்டா துன்னும், இல்லேன்னா ஒக்காந்துகினே இருக்கும்."

"இன்னாது அது, பைப்பு மாதிரி?"

"மூச்சுக் கொழாய்க்கா. கறுக்கு முறுக்குன்னு மெல்லும். ஒடைஞ்சது, கோணையா காஞ்சதெல்லாம் விக்காது. அத்த இதுக்குன்னு எடுத்து வெச்சிருவேன்."

"இன்னும் ஒண்ணு காயப் போட்டிருக்கியாமே, நீளமா, கொம்பு மாதிரி. ரேச்சலு சொல்லுச்சு."

ஜஹானாரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அத்த ஏங்கா கேக்கறீங்க. காளையோடது. ஆஃபியா அப்பா அத்த எடுத்தாந்து குட்த்தப்போ நான் ரெண்டு நாள் மாடிப்பக்கமே போவல. அதுக்குத்தான் கிராக்கி."

குப்பம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாயைப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"தடவிக் குட்க்கலாமே. இன்னாத்துக்குத் தூக்கிப் போட்ற?"

"எங்க மார்க்கத்துல நாய் எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும்கா. அதுல ஒரு தரம் மண்ணால. அதான் படியிலேர்ந்தே. ஆனா உப்பு மட்டும் சேக்கமாட்டேன். நாய்க்கு உப்பு ஆவாதாம், ஆஃபியா சொல்லுச்சு. வெறும் வெயிலு, அப்பால காயவெக்கற மிசினு."

திரும்பி வரும்போது குப்பம்மாவின் மனதில் ஒன்றே ஓடியது. இவள் அதைத் தொடக்கூட மாட்டாள். உண்ணி பிடுங்கியவள் நான், வால் அறுந்தபோது மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான். தொடாதவளுக்காக அது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறது.

"சுக்கான், வாடா."

நாய் குழலைக் கவ்விக்கொண்டு பத்தடி பின்னால் வந்தது.

மறுநாள் ஏலத்தில் ஒரு பெரிய திருக்கை எடுத்தாள். குறடால் பிடித்துத் தோலை உரித்தாள். திருக்கைத் தோல் லேசில் வராது. ஒரு காலால் மீனை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். அடிவயிற்றுத் தோலை மட்டும் எடுத்து, விரல் அகலத்துக்குக் கீறி, மூன்று மூன்றாகச் சேர்த்துக் கயிறுபோல முறுக்கினாள். வலை பின்னிய கை. சடை அழகாக விழுந்தது.

"இன்னா குப்பு, நாய்க்குப் பூ கட்றியா?" என்றாள் ரேச்சல்.

"ஒன் வேலயப் பாரு."

"பாயம்மாவோட போட்டியா? அது மாடு வெச்சிருக்கு, நீ மீன் வெச்சிருக்க. நாய் இன்னா கறுப்புக் கோட்டு போட்டுகினு தீர்ப்பு சொல்லப் போவுதா?"

உப்புப் போடக்கூடாது என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். தொட்டியில் இறக்கவில்லை. இரண்டு நாள் ஊறவைக்கவில்லை. ஆனால் பச்சைத் தோலைப் பரணில் போட்ட கால்மணி நேரத்தில் ஈ மொய்த்தது. ஈ மொய்த்த தோல் புழுத்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்து மேலே தூவினாள். அது அவள் கணக்கில் உப்பு அல்ல. மூன்று கூடை மீனுக்கு ஒரு கூடை போட்டால்தான் அது உப்பு. மாலை புரட்டும்போது ஈக்கு என்று இன்னொரு கைப்பிடி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சடைகளைத் தட்டி உதறி எடுத்தாள். ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

சுக்கான் முதல் சடையை அரை மணி நேரம் மென்றது. நாலு மணி ஆனது. எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, சந்தைப் பார்த்து நடந்தது.

அடுத்த நாள் இரண்டு கொடுத்தாள். தின்றுவிட்டுப் போனது. அதற்கடுத்த நாள் மூன்று. போவதற்கு முன் கழுநீர்த் தொட்டியில் வெகுநேரம் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுப் போனது.

"புருசன் மாதிரியேதான்" என்றாள் ரேச்சல். விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு குப்பம்மாவின் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேம்மே" என்றாள்.

சனிக்கிழமை குப்பம்மா வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. திரும்ப மாலையாகிவிடும். நைலான் கயிறால் சுக்கானைப் படகின் வளையத்தில் கட்டினாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. முன்னால் ஏழு சடைகளைப் போட்டாள், ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்தாள்.

"இன்னிக்கு எங்கயும் போவக் கூடாது. இங்கயே துன்னு, இங்கயே கெட."

அவள் தலை மறைந்ததும் நாய் கயிற்றை இழுத்தது. டப்பா கவிழ்ந்தது. மணல் தண்ணீரைக் குடித்தது. வேறு வேலை இல்லாததால் ஏழையும் தின்றது. பிறகு கயிற்றை மெல்லத் தொடங்கியது. இதெல்லாம் ரேச்சல் பிறகு சொன்னது. தூரத்திலிருந்து பார்த்தவள் நாய் படுத்திருக்கிறது என்று நினைத்தாளாம்.

குப்பம்மா ஐந்து மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ரேச்சல் எதிரே ஓடிவந்தாள். "குப்பு, நாய் பாயம்மா வூட்டாண்ட உழுந்து கெடக்குது. காலு இஸ்துகினு கீது."

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். படிக்கட்டின் கீழே சுக்கான் பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் நாலும் நீந்துவதுபோல அசைந்தன. வாயில் நுரை. பக்கத்தில் ஒரு வாளி காலியாக இருந்தது. ஒரு காது கடிக்கப்படாமல் கிடந்தது. நாயின் தலை முதல் படியின்மேல் இருந்தது.

செத்தாலும் இங்கே வந்துதான் சாகுமா. அவளுக்கு முதலில் வந்த நினைப்பு அதுதான்.

"இன்னாடி குட்த்த என் நாய்க்கு? இன்னா எழவக் காயவெச்சுக் குட்த்த?"

"அல்லா மேல ஆணையா ஒண்ணும் குட்க்கலக்கா. வரும்போதே தள்ளாடிகினு வந்துச்சு. தண்ணி வெச்சேன். ஒரு வாளியும் குட்ச்சுது. காதப் போட்டேன், தொடவேயில்ல. அப்பிடியே உழுந்துருச்சு."

"நேத்து குட்த்ததா, முந்தாநேத்து குட்த்ததா? ஊர்ல செத்த மாட்டோட கலீஜெல்லாம் போட்டுக் கொன்னுட்டியேடி. ஒனக்கு இன்னா வேணும்? ஒனக்குத்தான் புருசன் கீறான், பொண்ணு கீது, மாடி வூடு கீது. இது ஒண்ணுதானடி எனக்கு. இதுவும் வேணுமா ஒனக்கு?"

சந்தில் ஜனம் கூடிவிட்டது. ஜஹானாரா படியிறங்கினாள். மூன்றாம் படி, இரண்டாம் படி, தரை. கையில் உறை இல்லை. குனிந்து நாயை இரண்டு கையாலும் வாரித் தூக்கினாள். வாந்தியும் நுரையும் அவள் தோளில் வழிந்தன.

"அக்கா, ஆட்டோவக் கூப்டுங்க. அப்பால திட்டுங்க."

ஆட்டோவில் நாயின் தலை ஜஹானாராவின் மடியில் இருந்தது. பின்னங்கால்கள் குப்பம்மாவின் மடியில். நடுவில் ஒருமுறை அது கண்ணைத் திறந்தது. மேலே இருந்த முகத்தைப் பார்த்தது. குப்பம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

நாய் டாக்டர் ஒரு சின்னப் பெண். பெயர் எழில்மொழி என்று பலகையில் எழுதியிருந்தது. ஊசி போட்டு, காலில் குழாய் ஏற்றினாள். நாய் உள்ளே மேசையில் நடுங்கியது. ஜஹானாரா வெளியே போனாள். சுவரோரக் குழாயைத் திறந்துவிட்டுக் கீழே மண்ணை அள்ளும் சத்தம் கேட்டது.

"உப்பா எதாச்சும் சாப்ட்டுச்சாம்மா? கருவாடு, ஊறுகா மாதிரி?"

"கருவாடே குட்க்க மாட்டேன். தோலுதான். திருக்கத் தோலு. உப்பு போடாம காயவெச்சது."

"இருக்கா?"

இடுப்புச் சுருக்குப்பையில் ஒரு சடை இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். முறுக்கின் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி விரல்நுனியை நாக்கில் வைத்தாள். உடனே திரும்பித் தொட்டியில் துப்பினாள்.

"இது உப்பு இல்லியாம்மா?"

குப்பம்மா சடையை வாங்கி நாக்கில் வைத்தாள். தோல் மாதிரி இருந்தது. கடித்து மென்றாள். தோல் மாதிரிதான் இருந்தது.

"எத்தனை சாப்ட்டுச்சு?"

"ஏழு."

"நாய் பிழைச்சா ஒங்க அதிர்ஷ்டம். உப்பு மூளைக்குப் போயிருக்கு. இனிமே இதை வாசல்லகூட வைக்காதீங்க. தண்ணிய ஒரேடியா வைக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருதரம் ஒரு டம்ளர்."

குப்பம்மா தலையாட்டினாள். சடையைச் சுருக்குப்பையில் திரும்பப் போட்டு, கயிற்றை இழுத்து முடிந்தாள்.

வெளியே ஜஹானாரா முழங்கை வரை மண்ணைப் பூசித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் தோளில் நாயின் மயிர் ஒட்டியிருந்தது.

"அஞ்சு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாக்கா சொன்னாங்க? எதால வந்துச்சாம்?"

குப்பம்மா அந்த மயிரைப் பார்த்தாள். பழுப்பும் கறுப்புமான மயிர். தன் புடவையில் ஆறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அதே மயிர்.

"ஒன் காதாலதான்" என்றாள். "கெட்டுப் போயிருக்குதாம்."

ஜஹானாராவின் கை நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, முதலிலிருந்து மறுபடி மண்ணை அள்ளினாள். "ஒண்ணு" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு நாயைக் கொண்டுபோகச் சொன்னார்கள். குப்பம்மா ஆட்டோவில் தனியாகப் போய்க் கொண்டுவந்தாள். தலை அவள் மடியில் இருந்தது. படகு நிழலில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தாள். அரை மணிக்கு ஒருதரம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்தது. பரணிலிருந்த மிச்சத் தோலைக் கற்களுக்கு அப்பால் எறிந்தாள்.

பத்து மணிக்கு ரேச்சல் வந்து சொன்னாள். விடியற்காலையில் மஜீது இரண்டு மூட்டைக் காதையும் குழலையும் குப்பைவண்டியில் ஏற்றிவிட்டார். ஜஹானாரா காயவைக்கும் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். வாங்கினவர்களுக்கெல்லாம் ஃபோன் செய்து நாய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆஃபியா சொல்லிக்கொண்டிருக்கிறாள். பைக் பையன் வந்து வெறுங்கையோடு போனான்.

"பாவம்" என்றாள் ரேச்சல்.

அன்று காரப்பொடி மீன் வந்திருந்தது. குப்பம்மா அதைக் கழுவித் தொட்டியில் கொட்டினாள். மூன்று கூடைக்கு ஒரு கூடை உப்புப் போட்டாள்.

நாலு மணிக்குச் சுக்கான் எழுந்தது. பின்னங்கால் இடறியது. நின்று, மறுபடி நடந்தது. அவள் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனாள். படிக்கட்டின் கீழே அது உட்கார்ந்தது. முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது. மேலே கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

சந்து முனையிலிருந்து குப்பம்மா இரண்டு தரம் கூப்பிட்டாள். காது மட்டும் திரும்பியது. மாலைத் தொழுகைக்கு அழைக்கும்வரை அது அங்கேயே இருந்தது. அவளும் நின்றாள். பிறகு அரை மணி தாண்டிவிட்டது என்று நினைவு வந்து, டம்ளரில் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.